அளவெடுக்கும் கை யாருடையது?

நம் ஊர்களில் தைக்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வெட்டத் தெரிந்தவர்கள் குறைவு. மிஷினில் உட்கார்ந்து ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான துண்டுகளை ஓட்டித் தள்ளும் பெண்களிடம் இரண்டு மீட்டர் துணியைக் கொடுத்து, "உங்களுக்கே ஒரு டாப் வெட்டித் தைத்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னால், பலர் கத்தரிக்கோலைத் தொடவே தயங்குகிறார்கள். துணி வீணாகிவிடும் என்ற பயம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், வெட்டுவது வேறு யாரோ ஒருவருடைய வேலை என்று அவர்களுக்குச் சொல்லி வைத்திருப்பதுதான்.

திருவள்ளூர் மாவட்டத்தில், பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகும் சாலையில் இருக்கிறது சென்னீர்குப்பம். இங்கிருந்து ஒரு பக்கம் ஆவடி. அங்கே இராணுவச் சீருடை தைக்கும் அரசு ஆடைத் தொழிற்சாலை இருக்கிறது. இன்னொரு பக்கம் அம்பத்தூர் தொழிற்பேட்டை. அங்கே ஏற்றுமதி ஆடை ஆலைகள் இருக்கின்றன. இந்த வட்டாரத்துச் சேரிகளிலும் குடியிருப்புகளிலும் தையலோடு தொடர்பில்லாத வீடு குறைவு. ஒருவர் கம்பெனிக்குப் போவார், ஒருவர் வீட்டில் ஃபால்ஸ் அடிப்பார், ஒருவர் கொக்கி கட்டிக் கொடுப்பார். ஆனாலும் பண்டிகை வந்தால் ரவிக்கைத் துணியை எடுத்துக்கொண்டு கடைத்தெருவில் இருக்கும் டெய்லரிடம்தான் போய் நிற்கிறோம்.

காகிதத்தில் வரைந்து, அதை வைத்துத் துணியை வெட்டி, முதல் உடையைத் தைப்பது பற்றி இந்த வாரம் பேசுவோம். தலித் பகுதியில் தையல் வகுப்பு எதற்கு என்று கேட்பவர்கள் அடுத்த பத்தியைப் படிக்கட்டும்.

தைத்த துணிக்குத் தடை

1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்கள் மீது 8 தடைகளை விதித்தார்கள். ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் போடக் கூடாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடம்பை மறைக்கக் கூடாது. பொன்னும் வெள்ளியும் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன, தானியமும் கால்நடையும் சூறையாடப்பட்டன. அடுத்த ஆண்டு தடைகள் 11 ஆயின. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் இந்தியச் சாதிகள் பற்றிய தம் நூலில் இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்.

அந்தப் பட்டியலைக் கவனியுங்கள். வேட்டியும் சேலையும் தறியிலிருந்து வந்தபடியே உடுத்துபவை. கோட்டு, சட்டை, பனியன், ரவிக்கை ஆகியவை உடம்பின் அளவுக்கு ஏற்பச் செய்பவை. ஒருவனுக்கு அளவெடுத்துச் சட்டை தைத்தால், அவன் உடம்புக்கு ஒரு கணக்கு உண்டு, ஒரு மதிப்பு உண்டு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால்தான் சட்டையைக் கண்டு அப்படிப் பதறினார்கள்.

தென்திருவிதாங்கூரில் இந்தப் போராட்டம் அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே நடந்தது. மார்பை மறைக்கும் உரிமைக்காக நாடார் பெண்கள் பல ஆண்டுகள் அடியும் உதையும் பட்டுப் போராடினார்கள். 1859 ஜூலையில் திருவிதாங்கூர் அரசு பணிந்து ஓர் ஆணை வெளியிட்டது. தைத்த மேல்சட்டை போட்டுக்கொள்ளலாம், முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டிக்கொள்ளலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல் மட்டும் உடுத்தக் கூடாது என்றது அந்த ஆணை. உரிமையைக் கொடுக்கும்போதும் அதன் அளவைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள்.

அண்ணல் அம்பேத்கருக்கு இது நன்றாகத் தெரியும். 1927 டிசம்பரில் மகாத் மாநாட்டுக்கு வந்த பெண்களிடம் அவர் உடையைப் பற்றித் தனியாகப் பேசினார். எந்தச் சாதி என்று காட்டிக்கொடுக்கும்படி சேலை கட்டுவதையும், அடையாளமாகிப்போன கனத்த நகைகளையும் விட்டுவிடச் சொன்னார். அந்தப் பெண்கள் உடனே சேலைக் கட்டை மாற்றிக்கொண்டார்கள்.

இதெல்லாம் பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் நடத்தப்பட்ட தீண்டாமை பற்றிய ஆய்வு ஒன்று 2006 இல் நூலாக வந்தது. பேராசிரியர் கன்ஷியாம் ஷா, சுகதேவ் தோரட் உள்ளிட்ட ஐவர் எழுதிய நூல் அது. இன்றும் வழக்கத்தில் உள்ள தீண்டாமை வடிவங்களில், டெய்லர் தலித்துகளைத் தொட்டு அளவெடுக்க மறுப்பதையும் அது பதிவு செய்திருக்கிறது. தொட மறுத்த அந்தக் கை எடுக்காத அளவை நாமே எடுத்துக்கொள்ளும் வழிதான் காகிதம்.

காகிதம் வந்த கதை

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் எபனேசர் பட்டரிக் என்று ஒரு தையல்காரர் இருந்தார். அதுவரை கிடைத்த மாதிரித்தாள்கள் ஒரே அளவில் வந்தன. வாங்கியவர்கள் தங்கள் உடம்புக்கு ஏற்பக் கூட்டியோ குறைத்தோ வெட்டிக்கொள்ள வேண்டும். 1863 இல் பட்டரிக்கும் அவர் மனைவி எல்லெனும் வெவ்வேறு அளவுகளில் வெட்டிய தாள் மாதிரிகளை விற்கத் தொடங்கினார்கள். தையல்காரருக்குக் கூலி கொடுக்க வசதியில்லாத வீட்டுப் பெண்கள் அவற்றை வாங்கித் தாங்களே தைத்தார்கள். உடை பற்றிய அறிவு கடையிலிருந்து வீட்டுக்கு வந்தது. இன்று உலகத்தில் எங்கே போனாலும் சட்டையில் எஸ், எம், எல் என்று அளவு போட்டிருக்கிறதே, அந்த வேலைக்கு இப்படிப்பட்ட தாள்கள்தான் முன்னோடி.

நம் ஊரில் இதைப் பேப்பர் கட்டிங் என்பார்கள். பிரவுன் தாளில் வரைவார்கள். அது இல்லாவிட்டால் பழைய செய்தித்தாள் போதும்.

தொடங்கும்போது ரவிக்கை வேண்டாம்

முதல் உடையாக ரவிக்கையை எடுத்துக்கொள்ள வேண்டாம். அது உடம்போடு ஒட்டி நிற்க வேண்டிய உடை. டக் பிடிப்பதில் கொஞ்சம் பிசகினாலும் கோணிக்கொள்ளும். தளர்வான டாப் ஒன்றைத் தைத்துப் பழகினால் கை நம்பிக்கை பெறும். அதன் பிறகு ரவிக்கைக்குப் போகலாம்.

துணியும் எளிதாக இருக்கட்டும். சிந்தெடிக் வழுக்கும், வாயில் மெல்லியது, பட்டு விலை அதிகம். கெட்டிப் பருத்தி நல்லது. அதற்கும் முன்னால் ஒரு முறை காடாத் துணியிலோ பழைய வேட்டியிலோ வெட்டித் தைத்துப் பார்த்துவிட்டால் பயம் போய்விடும். 36 அங்குலப் பன்னா துணி என்றால் இரண்டேகால் மீட்டர் வாங்குங்கள். புதுப் பருத்தித் துணி முதல் சலவையில் சுருங்கும். அதனால் தண்ணீரில் நனைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகே வெட்ட வேண்டும்.

அளவெடுப்பதைத் தனியாகச் செய்யாதீர்கள். அக்காவோ தோழியோ பக்கத்தில் இருக்கட்டும். டேப்பை இறுக்கவும் வேண்டாம், தொங்கவிடவும் வேண்டாம். முழு நீளம், தோள், மார்புச் சுற்றளவு, இடுப்பு, சீட், அக்குள் இறக்கம், கை நீளம், கைச் சுற்றளவு, முன்கழுத்து, பின்கழுத்து. இவற்றை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். வளரும் பிள்ளைகளுக்கு அடுத்த வருடம் திரும்ப அளக்க வேண்டியிருக்கும்.

காகிதத்தில் கணக்கு

உடம்பு இடமும் வலமும் ஒன்றுபோல் இருப்பதால் காகிதத்தில் பாதியை வரைந்தால் போதும். மடித்த துணியின் மடிப்பு ஓரத்தில் காகிதத்தை வைத்து வெட்டினால் விரிக்கும்போது முழுசாக வரும். முன்பாகத்துக்கு ஒன்று, பின்பாகத்துக்கு ஒன்று, கைக்கு ஒன்று என்று மூன்று தாள்கள் வேண்டும்.

மார்புச் சுற்றளவு 32 அங்குலம் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். மூச்சு விடவும் கையைத் தூக்கவும் 4 அங்குலம் தளர்வு வேண்டும். ஆக 36. அதை நான்கால் வகுத்தால் 9. பக்கத் தையலுக்கு 1 அங்குலம் சேர்த்தால் 10. இந்த 10 அங்குலம்தான் மார்பு இருக்கும் இடத்தில் காகிதத்தின் அகலம். சீட் அளவு 36 என்றால் இதே கணக்கில் 40, அதில் கால் பங்கு 10, தையலுக்கு 1, ஆக 11. நான்காம் வகுப்பில் படித்த வகுத்தல் கணக்கு இது. இதைத்தான் பெரிய இரகசியம்போல் மேசைக்கு அந்தப் பக்கம் வைத்திருக்கிறார்கள்.

தோள் அளவு 14 என்றால் பாதி 7. தையலுக்கு அரை அங்குலம் சேருங்கள். தோளின் வெளிமுனை கழுத்துப் பக்கத்தைவிட அரை அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும். நம் தோள் சரிந்துதான் இருக்கிறது. அக்குள் இறக்கம் இந்த அளவுக்காரருக்கு ஏழரை அங்குலம் வைக்கலாம். கழுத்து அகலம் 3, முன்கழுத்து இறக்கம் 6, பின்கழுத்து இறக்கம் 4. கழுத்தை வளைத்து வரையும்போது தலை நுழையுமா என்பதையும் டேப்பால் ஒரு முறை அளந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

முன்பாகத்துக்கும் பின்பாகத்துக்கும் இரண்டே வித்தியாசம். முன்கழுத்து ஆழம் கூடுதல். கைக்குழியை முன்பாகத்தில் அரை அங்குலம் கூடுதலாக உள்ளே குடைய வேண்டும். நம் கை முன்பக்கம் அதிகம் அசைகிறது. அங்கே துணி மிச்சமிருந்தால் மடிப்பு விழும்.

வரைந்து முடித்ததும் ஒவ்வொரு தாளிலும் நான்கு விஷயங்களை எழுதுங்கள். எந்தப் பாகம், எத்தனை வெட்ட வேண்டும், எந்த ஓரம் மடிப்பு, பாவு எந்தப் பக்கம். பாவு என்பது துணியின் கரையோடு நீளவாக்கில் ஓடும் இழை. தாளில் வரைந்த நேர்கோடு கரைக்கு இணையாக இருக்க வேண்டும். அது சாய்ந்தால் இரண்டு முறை துவைத்ததும் டாப் ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும். கடையில் வாங்கிய மலிவான டீ-ஷர்ட்டுகளின் பக்கத் தையல் வயிற்றுப் பக்கம் வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே இழை நேராக விழவில்லை என்று பொருள்.

கத்தரிக்கு முன்னும் பின்னும்

ஒரு தாளை வைத்தவுடன் வெட்டத் தொடங்கக் கூடாது. மூன்று தாள்களையும் துணியின் மேல் பரப்பி, இடம் போதுமா என்று பார்த்து, குண்டூசி குத்திய பிறகே கத்தரி. கைக்கு இரண்டு துண்டுகள் வேண்டும். ஒன்று வலது, ஒன்று இடது. இரண்டையும் ஒரே கைக்கு வெட்டிவிடுவது புதிதாகக் கற்பவர்களிடம் சகஜம். துணியை நல்ல பக்கம் உள்ளே இருக்க இரட்டையாக மடித்து ஒரே தடவையில் வெட்டினால் இந்தச் சிக்கல் வராது. கையின் உச்சியிலும் முன்பக்கத்திலும் சின்ன வெட்டு அடையாளம் போடுங்கள். பொருத்தும்போது எது முன்பக்கம் என்று அது சொல்லும். காகிதம் வெட்டிய கத்தரி மழுங்கும். அதனால் துணிக்கு வேறு கத்தரி வைத்துக்கொள்ளுங்கள்.

தைப்பதற்கும் வரிசை உண்டு. முதலில் தோள்களை இணைக்க வேண்டும். பிறகு கழுத்துப் பட்டி. பட்டியைத் துணியின் குறுக்கே சாய்வாக வெட்டினால் அது வளைவோடு வளைந்து கொடுக்கும். கிராஸ் பட்டி என்பது அதுதான். பட்டியை மடிப்பதற்கு முன் கழுத்து வளைவில் தையலைத் தொடாமல் சின்னச் சின்னதாகக் கத்தரித்துவிட்டால் கழுத்து படிந்து உட்காரும். அதன் பிறகு கைகளை வையுங்கள். கை நுனியிலிருந்து அக்குள் வழியாகப் பக்கவாட்டில் ஒரே ஓட்டமாகத் தைத்து, சீட் வந்ததும் ஓபனுக்கு நிறுத்துங்கள். கடைசியாக ஓபன், கீழ்மடிப்பு, கைமடிப்பு. ஒவ்வொரு தையலுக்குப் பிறகும் இஸ்திரி போடுவது சோம்பலாக இருக்கும். போட்டுப் பாருங்கள், கடையில் தைத்ததற்கும் நீங்கள் தைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி அதில் இருக்கிறது.

போட்டுப் பார்த்தபின் எங்கே பிடிக்கிறது, எங்கே தொங்குகிறது என்று பார்த்து, அந்தத் திருத்தத்தைத் துணியில் செய்வதோடு நிறுத்தாமல் காகிதத்திலும் குறித்துவிடுங்கள். அடுத்த டாப்புக்கு அளவெடுக்க வேண்டிய வேலையே இருக்காது. காகிதம் கிழியும் வரை அது உங்கள் சொத்து.

காலர் மட்டும் தெரியும்

சென்னீர்குப்பம் பக்கம் நாம் பேசிய பெண்களில் ஒருவர் ஏற்றுமதி ஆலையில் 14 ஆண்டுகள் வேலை பார்த்தவர். அவர் மகள் கல்லூரியில் படிக்கிறார். பழைய செய்தித்தாளில் டாப்புக்கு வரைந்துகொண்டிருந்த மகளை அம்மா ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினாலு வருஷம் காலர் வெச்சேன் தோழர். கண்ண மூடிக்கினு வெப்பேன். ஆனா முழுசா ஒரு சட்டை நான் தெச்சதே இல்ல."

"கட்டிங் மாஸ்டர்கிட்ட கேட்டுக் கத்துக்க வேண்டிதுதானேம்மா?" என்றார் மகள்.

"கேட்டா, உன் மிஷினப் பாரும்பாரு. லைன்ல எழுந்து நின்னாலே டார்கெட் போயிடும்."

இது அந்த ஓர் ஆலையின் கதை என்று நினைக்க வேண்டாம். தொழிலின் அமைப்பே அப்படி. பேட்டர்ன் மாஸ்டர் கணினியில் மாதிரியைச் செய்கிறார். துணியைப் பல அடுக்காகப் போட்டு ஒரே நேரத்தில் வெட்டுகிறார்கள். காலர், கஃப், யோக், பாக்கெட், பட்டி என்று துண்டுகள் பிரிந்து லைனுக்கு வருகின்றன. ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரே தையல். வேகம் கூடுகிறது, கற்றுக்கொள்ள எதுவும் இல்லாமல் போகிறது. முழு உடையும் தெரிந்தவரை எளிதில் மாற்ற முடியாது. ஒரே தையல் தெரிந்தவரை நாளைக்கே மாற்றிவிடலாம். கூலி பேசும்போது இந்த வித்தியாசம் வெளிப்படும்.

கூலிக்காக நடந்த சண்டையும் சின்னதல்ல. தமிழ்நாட்டில் தையல் தொழிலுக்கான குறைந்தபட்சக் கூலி 2004 க்குப் பிறகு 2014 இல்தான் திருத்தப்பட்டது. அதையும் எதிர்த்து முதலாளிகள் நீதிமன்றம் போனார்கள். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தொழிலாளர்கள் பக்கம் தீர்ப்பளித்தது.

கூலியைத் தாண்டியும் சிக்கல் உண்டு. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஆடை ஆலையில் வேலை செய்த 20 வயது தலித் பெண் கொல்லப்பட்டார். தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் அந்த வழக்கை விடவில்லை. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பாலியல் வன்முறையோடு சாதிப் பாகுபாட்டையும் சேர்த்துத் தடுக்க வேண்டும் என்று ஆலை நிர்வாகத்தையும் வெளிநாட்டு நிறுவனங்களையும் அது கட்டுப்படுத்தியது. மிஷினில் உட்கார்ந்த பெண்கள் சங்கமாகச் சேர்ந்து சாதித்தது இது.

ஆவடியின் கதை வேறு. 1960 களிலிருந்து நம் பகுதியில் இருக்கும் அந்த ஆடைத் தொழிற்சாலையிலும் ஊசியும் நூலும்தான் வேலை. ஆனால் மத்திய அரசு வேலை, இட ஒதுக்கீடு, வாரிசுகளைப் படிக்க வைக்கும் அளவுக்குச் சம்பளம், விடுப்பு, பணி நிறைவுக்குப் பின் பாதுகாப்பு. ஒரே தையல் வேலைக்கு ஒரு பக்கம் இந்த வாழ்க்கை, இன்னொரு பக்கம் அந்த வாழ்க்கை. 2021 அக்டோபரில் நாடு முழுவதும் இருந்த படைக்கலத் தொழிற்சாலைகள் 7 நிறுவனங்களாக மாற்றப்பட்டபோது, ஆவடி ஆடைத் தொழிற்சாலை ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் லிமிடெட் என்ற நிறுவனத்தின் கீழ் போனது. இனி வரும் வேலைவாய்ப்புகளில் நம் பங்கு குறையாமல் இருக்கிறதா என்று நம் இளைஞர்கள் கண் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அம்மையார் பெயரில் ஒரு மிஷின்

தமிழ்நாடு அரசின் சமூக நலத்துறை ஏழைப் பெண்களுக்கு இலவசமாகத் தையல் இயந்திரம் தருகிறது. அந்தத் திட்டத்தின் பெயர் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவச தையல் இயந்திரம் வழங்கும் திட்டம். பெயரை எல்லோரும் விண்ணப்பத்தில் எழுதுகிறார்கள். அவர் யார் என்று கேட்டால் பலருக்குத் தெரிவதில்லை.

சத்தியவாணி முத்து நம் சமூகத்திலிருந்து வந்த தலைவர். 1953 இல் இராஜாஜி கொண்டுவந்த புதிய கல்வித் திட்டத்தைக் குலக்கல்வித் திட்டம் என்று சொல்லி எதிர்த்த போராட்டத்தில் சிறை சென்றவர். 1957 இல் பெரம்பூரிலிருந்து சட்டமன்றம் போனார். 1967 இல் அண்ணா அமைச்சரவையில் இடம்பெற்ற ஒரே பெண் அவர். 1974 இல் தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கினார். 1979 இல் ஒன்றிய அமைச்சரானார்.

அரை நாள் பள்ளிக்கூடம், அரை நாள் அப்பன் தொழில் என்ற திட்டத்தை எதிர்த்தவர் பெயரில் தையல் மிஷின் வருவது பொருத்தம்தான். நம் தலையில் கட்டப்பட்ட தொழில்களின் பட்டியலில் தையல் இல்லை. பறையடிப்பதும், செத்த மாட்டைத் தூக்குவதும், சுடுகாட்டு வேலையும், சாக்கடையும் இருக்கின்றன. தையல் நாமாகத் தேர்ந்து கற்றுக்கொள்ளும் கலை. அதைப் பாதியோடு நிறுத்தக் கூடாது.

இந்தத் திட்டத்தில் 20 முதல் 40 வயது வரையுள்ள பெண்கள் விண்ணப்பிக்கலாம். கைம்பெண்கள், கணவரால் கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள், வருமானம் குறைந்த குடும்பத்துப் பெண்கள் ஆகியோருக்கானது. தையல் தெரியும் என்பதற்கான சான்றிதழ், வருமானச் சான்று, வயதுச் சான்று, சாதிச் சான்று வேண்டும். வருமான வரம்பு அவ்வப்போது மாறக்கூடும் என்பதால் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு மனு கொடுங்கள்.

கற்றவர்களுக்கு வேறு வழிகளும் உண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு ஆண்டுதோறும் கொடுக்கும் 4 செட் சீருடைகளை மகளிர் தையல் தொழிற் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்கள்தான் தைக்கிறார்கள். தையல் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்தால் பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை, முதுமையில் ஓய்வூதியம் உண்டு. வீட்டில் உட்கார்ந்து தைப்பவர்களும் பதிவு செய்யலாம். அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வில் தையல் பாடத்துக்கு லோயர், ஹையர் என இரண்டு நிலைகள் இருக்கின்றன. தையல் ஆசிரியராக விரும்பும் மாணவிகள் அதைக் கவனியுங்கள். சொந்தமாக யூனிட் போட நினைப்பவர்கள் தாட்கோவையும், முதலீட்டில் 35 விழுக்காடு மானியம் தரும் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தையும் விசாரியுங்கள்.

மிஷின் வாங்கித் தருவதோடு சிலர் கடமை முடிந்தது என்று நினைக்கிறார்கள். நம் வீடுகளில் துணி போட்டு மூடி, மேலே டிவி வைக்கப்பட்ட மிஷின்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் தெரியும். ஓட்டத் தெரிந்தும் வெட்டத் தெரியாத வீட்டில் மிஷின் சும்மாதான் நிற்கும். வெட்டத் தெரிந்தால் பக்கத்து வீட்டுக்காரர் துணியைக் கொண்டுவருவார். மிஷின் தன் செலவைத் தானே ஈட்டும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம்

நம் குடியிருப்புகளில் அம்பேத்கர் படிப்பகமோ சமுதாயக்கூடமோ இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் பெரும்பாலும் பூட்டித்தான் கிடக்கும். அதைத் திறந்து ஒரு நீள மேசை போடுங்கள். வெட்டத் தெரிந்த ஓர் அக்காவோ அண்ணனோ எந்த ஊரிலும் இருப்பார். கல்லூரி மாணவிகள் கணக்குப் போட்டுக் கொடுக்கட்டும். கம்பெனிக்குப் போகும் பெண்கள் தையலைச் சொல்லிக் கொடுக்கட்டும். ஒருவருக்குக் காலர் தெரியும், ஒருவருக்குக் கை வைக்கத் தெரியும், ஒருவருக்குக் காஜா தெரியும். தனித்தனி லைனில் பிரிந்து கிடந்த அறிவு ஒரே மேசையில் சேர்ந்தால் ஒரு முழுச் சட்டை வந்துவிடும். பையன்களும் வரட்டும். கடைத்தெரு டெய்லர்கள் பெரும்பாலும் ஆண்கள்தானே, வீட்டில் மட்டும் ஏன் அது பெண் வேலை ஆக வேண்டும்?

வெட்டிய தாள்களைத் தூக்கிப் போடாதீர்கள். 28, 30, 32, 34 என்று அளவு எழுதி ஒரு ஆணியில் மாட்டி வையுங்கள். படிப்பகத்தில் புத்தகம் இரவல் தருவதுபோல் மாதிரித்தாளும் இரவல் தரலாம். எடுத்துப்போய் வரைந்துகொண்டு திருப்பிக் கொடுக்கட்டும்.

செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை. ஒரு டேப், ஒரு ஸ்கேல், ஒரு பென்சில், இரண்டு கத்தரி. காகிதத்துக்கு எங்கேயும் போக வேண்டாம். இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் செய்தித்தாளை விரித்துப் போடுங்கள். முதலில் முன்கழுத்தை வரையுங்கள்.